ஒற்றைப் பல்லோடு பதவியேற்ற ஜனாதிபதி

எங்கள் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கைச் சரிதம் எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். நான் ஜோர்ஜ் வொஷிங்டனை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி. ஒரு டொலர் தாளைக் கையில் பிடித்த எவருக்கும் முகம் தெரிந்தவர். ஆனால் நான் எழுதப்போவது அவருடைய அரசியலைப் பற்றி அல்ல. அவருடைய பல்லைப் பற்றி.

சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கு. இங்கே ரொறன்ரோவில் சில வருடங்களாக, ஆங்கிலம் கதைக்கச் சிரமப்படும் ஐயாமார், அம்மாமாரோடு வைத்தியரிடம் போய் மொழிபெயர்த்துக் கொடுக்கும் தொண்டைச் செய்து வருகிறேன். கண், காது, சலரோகம், பிறஷர் என்றால் உடனே வெளிக்கிடுபவர்கள், பல்லு என்றவுடன் மட்டும் பின்வாங்கி விடுவார்கள். இந்த வயதிலே எனக்கு என்னத்துக்குத் தம்பி பல்லு என்பார்கள். ஆனால் கலியாண வீட்டிலே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும், வடையைத் தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிடுவதும், படம் எடுக்கும்போது சொண்டை இறுக்கி மூடுவதும் அவர்கள்தான். ஊரிலே பல்லுக்கொதி வந்தால் கராம்பை வைத்துக் கடித்தார்கள், தாங்க முடியாவிட்டால் பிடுங்கினார்கள். பிறகு இடப்பெயர்வு, முகாம், சிலருக்குத் தடுப்புக்காவலில் விழுந்த அடி. பல்லைப் பார்க்க எங்கே நேரம் இருந்தது?

இந்த வெட்கம் எங்கட சனத்துக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நாட்டையே ஆண்ட மனிதர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் இதே வெட்கத்தோடும் நோவோடும் வாழ்ந்தார். அவருடைய வாய்க்குள் இருந்த பற்களுக்கு வேறு சிலர் கொடுத்த விலையும் இந்தக் கதையில் இருக்கிறது.

முதற் பல் போன காலம்

ஜோர்ஜ் வொஷிங்டன் 1732 பெப்ரவரி 22ஆம் திகதி வேர்ஜீனியாவில் பிறந்தார். அப்போது அது பிரித்தானியரின் குடியேற்ற நாடு. அவருக்கு 11 வயதாக இருக்கும்போது, 1743இல், தகப்பனார் இறந்துவிட்டார். முதுசமாகக் காணியும் பத்து அடிமைகளும் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தன. ஆம், மனிதர்களைக் காணியைப் போல எழுதிவைத்த காலம் அது. அந்தப் பத்துப் பேர் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கதையில் அது பிறகு வரும்.

அவர் பெரிய படிப்புப் படிக்கவில்லை. காணி அளக்கும் வேலையைக் கற்று 17 வயதிலேயே நில அளவையாளரானார். 1751இல் நோயாளியான தமையன் லோறன்சோடு பார்படோஸ் தீவுக்குப் போனார். வாழ்க்கையில் அவர் கடல் தாண்டிய ஒரே பயணம் அதுதான். அங்கே அம்மை நோய் பிடித்துத் தப்பினார். தமையன் அடுத்த வருடம் காலமானார். பிறகு படையில் சேர்ந்து, இருபத்துமூன்று வயதில் வேர்ஜீனியாப் படைப்பிரிவின் தலைவரானார். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல தேகக்கட்டு, குதிரைச் சவாரியில் கெட்டிக்காரர்.

ஆனால் வாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 1756இல், அவருக்கு 24 வயதாக இருக்கும்போது, வொட்சன் என்ற வைத்தியர் அவருடைய பல் ஒன்றைப் பிடுங்கினார். கூலி 5 ஷிலிங். வொஷிங்டன் சல்லிக்காசுக்கும் கணக்கு எழுதுபவர். அதனாலேதான் இரண்டரை நூற்றாண்டு கடந்தும் இந்தச் செலவு எங்களுக்குத் தெரிகிறது. அந்தக் காலத்திலே விறைக்கிற ஊசி கிடையாது. பொஸ்டன் நகரில் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று எல்லாருக்கும் காட்டியது 1846இல். வொஷிங்டன் இறந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஆகவே இவருடைய பற்கள் எல்லாம் உணர்வோடு இருக்கும்போதே குறடு போட்டு இழுக்கப்பட்டவை.

பல்லைக் கவனிக்காமல் விட்டவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. லண்டனிலிருந்து பிரஷ்களும் பற்பொடியும் முரசுக்குப் பூசும் மருந்தும் வருவித்து ஒழுங்காகத் துலக்கினவர். கொட்டைகளைப் பல்லால் உடைத்த பழக்கமே காரணம் என்று வொஷிங்டன் சொன்னதாக, அவருக்குப் பின் ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ் எழுதி வைத்திருக்கிறார். காய்ச்சலுக்கு அந்நாட்களில் கொடுத்த பாதரச மருந்தும் முரசையும் பல்லையும் கெடுக்கக்கூடியது. எப்படியோ, வருடா வருடம் அவருடைய கணக்குப் புத்தகத்திலும் நாட்குறிப்பிலும் பல்லுக்கொதியும், முரசு வீக்கமும், பல்லுப் பிடுங்கின கூலியும் வந்துகொண்டே இருந்தன.

படை முகாமில் ஒரு குறடு

1759இல் மார்த்தா என்ற விதவையை மணமுடித்தார். அவருக்கு முதல் தாரத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பொட்டோமக் ஆற்றங்கரையில் மவுண்ட் வேர்னன் என்ற பெரிய பண்ணையில் வாழ்ந்து வந்தவரை, 1775இல் பிரித்தானியருக்கு எதிராக எழுந்த குடியேற்ற நாடுகள் தங்கள் படைக்குத் தலைமைத் தளபதியாக்கின. எட்டு வருடப் போர். சம்பளம் இல்லாத வீரர்கள், பனிக்காலத்தில் சப்பாத்தில்லாத கால்கள். அதற்குள் தளபதியின் பல்லுக்கொதி வேறு.

ஜோன் பேக்கர் என்ற பல் வைத்தியர் 1770களில் அவருக்கு வைத்தியம் பார்த்தார். விழுந்த பற்களுக்குப் பதிலாகத் தந்தத்தில் செதுக்கிய பற்களை, மிச்சமிருக்கும் நல்ல பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டிவிடுவதுதான் அக்காலத்து முறை. கட்டுப்பல் என்று எங்கட ஆட்கள் சொல்கிற சொல் இதற்கு அச்சொட்டாகப் பொருந்தும். இதிலே உள்ள பெரிய பிழை என்னவென்றால், கம்பி கட்டிய நல்ல பல்லும் பாரம் தாங்காமல் கொஞ்சக் காலத்தில் ஆடத் தொடங்கிவிடும். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றும் போகும்.

இதே வேலையைச் செய்த இன்னொருவர் பொஸ்டன் தட்டான் போல் ரெவியர். பிரித்தானியப் படை வருகிறது என்று இரவோடிரவாகக் குதிரையில் போய் அறிவித்தவர் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது இவரைத்தான். 1775 ஜூனில் பங்கர் குன்றுச் சண்டையில் விழுந்த யோசப் வொறன் என்ற வைத்தியரின் உடலை, மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த பின்பு 1776இல் தோண்டியபோது, முகம் அடையாளம் தெரியவில்லை. தான் கம்பியால் கட்டிக் கொடுத்த பொய்ப்பல்லைப் பார்த்து, இது அவர்தான் என்று சொன்னவர் ரெவியர். காணாமற் போனவர்களைத் தேடும் எங்கட சனத்துக்கு, பல்லைப் பார்த்து ஒரு மனிதனை அடையாளம் காண்பது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

1781 மே மாதம் வொஷிங்டன் நியூயோர்க்குக்கு வடக்கே நியூ வின்ட்சர் என்ற இடத்தில் பாளையம் இறங்கியிருந்தார். அங்கிருந்து பேக்கருக்கு ஒரு கடிதம் போட்டார். பல்லுக் கம்பியை முறுக்கி இறுக்கச் சின்னக் குறடு ஒன்றும், பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவிகளும் அனுப்பும்படி கேட்டார். தான் பிலடெல்பியாப் பக்கம் இப்போதைக்கு வரக்கூடியதாக இராது என்றும் எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. வழியிலே பிரித்தானியர் கையில் அகப்பட்டு, நியூயோர்க்கில் இருந்த அவர்களுடைய தளபதி கிளின்ரனின் காகிதங்களோடு சேர்ந்துவிட்டது. சில மாதங்களில் வொஷிங்டனின் படை சத்தமில்லாமல் தெற்கே, அதே பிலடெல்பியா வழியாகத்தான் போனது. ஒக்டோபர் 19ஆம் திகதி யோர்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தது. வொஷிங்டன் நியூயோர்க்கை விட்டு அசையமாட்டார் என்று கிளின்ரன் நம்புவதற்கு இந்தப் பல்லுக் கடிதமும் உதவியிருக்கும் என்று சரித்திர ஆசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.

ஒன்பது பற்கள்

இப்போது இந்தச் சரிதத்தில் மிகவும் கனமான பகுதிக்கு வருகிறேன்.

போர்க்காலத்தில் லு மயேர் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர், பிரித்தானியர் பக்கமிருந்து அமெரிக்கர் பக்கம் வந்து சேர்ந்தார். பல்லை மாற்றி நடுவதில் அவர் பேர் எடுத்தவர். ஒருவருடைய வாயிலிருந்து நல்ல பல்லைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் மற்றவருடைய முரசுக் குழிக்குள் வைத்துக் கட்டிவிடுவார். கொஞ்சக் காலம் நிற்கும், பிறகு பெரும்பாலும் விழுந்துவிடும். கொடுத்தவருடைய நோயும் சேர்ந்து வருவதுண்டு. முன்பல் ஒன்றுக்கு இரண்டு கினி தருவேன் என்று அவர் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஒரு கினி என்பது 21 ஷிலிங். 1784இல் அவர் மவுண்ட் வேர்னனுக்கு வந்து தங்கி வைத்தியம் பார்த்தார்.

அந்த வருடம் மே மாதம் வொஷிங்டன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி பதிவாகி இருக்கிறது. ஒன்பது பற்களுக்காகக் கறுப்பு மக்களுக்குக் கொடுத்தது 6 பவுண் 2 ஷிலிங், பிரெஞ்சு வைத்தியரின் கணக்கில். அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால் ஒரு பல்லுக்கு 14 ஷிலிங்கும் வராது. விளம்பரத்தில் சொன்ன 42 ஷிலிங்கோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

அந்த ஒன்பது பற்களும் எவருடைய வாயில் போய் முடிந்தன என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் வொஷிங்டனின் பொய்ப்பற்களில் மனிதப் பற்கள் இருக்கின்றன என்பது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. விற்றவர்கள் யார்? ஒருவரா, ஒன்பது பேரா? ஆணா, பெண்ணா? பெயர் இல்லை. குதிரைக்கு லாடம் அடித்த கூலியை எழுதிய அதே கையால் எழுதிய ஒரு வரி. காசு கொடுத்தார்கள்தானே என்று சிலர் சொல்வார்கள். தன்னை விற்கவும் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பவும் அதிகாரம் உள்ளவர் கேட்கும்போது, இல்லை என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? வாய் இருந்தும் இல்லாதவர்கள் அவர்கள்.

இதை வாசித்த அன்று எனக்கு முகாம்களின் ஞாபகம் வந்தது. எங்களில் கனபேர் ஒரு காலத்தில் பட்டியலில் ஒரு எண்ணாக, அட்டையில் ஒரு இலக்கமாக இருந்தவர்கள். பெயர் இல்லாமல் கணக்கில் எழுதப்படுவது என்னவென்று தெரிந்தவர்கள். ஆகவே இந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஜனாதிபதியின் வாய்

1789 ஏப்ரல் 30ஆம் திகதி நியூயோர்க்கில் வொஷிங்டன் முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். வயது 57. அன்று அவருடைய வாயில் சொந்தப் பல் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கீழ்த்தாடையில் இடப்பக்கத்துச் சின்னக் கடைவாய்ப்பல்.

அவருக்குப் பல் செய்து கொடுத்தவர் ஜோன் கிரீன்வூட். பதினைந்து வயதில் புல்லாங்குழல் ஊதும் பொடியனாக அதே விடுதலைப் படையில் சேர்ந்தவர். நீர்யானைத் தந்தத்தைக் குடைந்து அடித்தட்டுச் செய்து, அதிலே மனிதப் பற்களைப் பித்தளை ஆணிகளால் பொருத்தினார். மிஞ்சிய ஒற்றைப் பல் உள்ளே வர ஒரு துளையும் விட்டார். உள்ளதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் செய்வது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் இயற்கைப் பல்லை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்றைய பல் வைத்தியர்களின் முதற் பாடமும் அதுதான்.

இன்றைக்கு மேற்பல் செற் அண்ணத்தோடு ஒட்டிப் பிடிக்கிறது. அளவு சரியாக இருந்தால் எச்சில் ஈரமே அதைத் தாங்கும். அன்று வாயை அச்செடுக்கும் நுட்பம் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆகவே மேற்தட்டையும் கீழ்த்தட்டையும் பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகளால் இணைத்தார்கள். ஸ்பிரிங் எப்போதும் வாயைத் திறக்கத் தள்ளும். வாயை மூடி வைத்திருக்க நாள் முழுவதும் தாடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அயர்ந்தால் பல் வெளியே பாயும். இப்படி ஒரு பொறியை வாய்க்குள் வைத்துக்கொண்டு விருந்தாளிகளோடு கதைத்து, தூதுவர்களுக்கு விருந்து கொடுத்துப் பாருங்கோ.

பல் போனால் சொல் போச்சு என்று எங்கட ஆட்கள் சொல்வார்கள். வொஷிங்டன் பொது இடங்களில் அதிகம் பேசாதவர் என்று பேர் எடுத்தவர். 1793இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரை 135 சொற்கள் மட்டுமே. இன்றுவரை எந்த அமெரிக்க ஜனாதிபதியின் பதவியேற்பு உரையும் இவ்வளவு குறுகியதாக இருந்ததில்லை. காலைச் சாப்பாடும் மெதுவானதுதான். சோளமாவில் சுட்ட சின்ன ரொட்டியை வெண்ணெயிலும் தேனிலும் தோய்த்துச் சாப்பிடுவார். 1790 ஜனவரியில் பல்வலியும் முரசு வீக்கமும் தீரவில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டின் அலுவல்களையும் அதே கிழமையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

1796இல் அந்தக் கடைசிப் பல்லும் போனது. கிரீன்வூட் அதைப் பத்திரமாக ஒரு சிறு கூட்டில் வைத்துத் தன் மணிக்கூட்டுச் சங்கிலியில் தொங்கவிட்டார். அது இன்றும் நியூயோர்க் மருத்துவ அக்கடமியில் இருக்கிறது. அதே 1796இல் கில்பேர்ட் ஸ்ருவேர்ட் என்ற ஓவியர் வரைந்த படம்தான் ஒரு டொலர் தாளில் நாங்கள் காண்பது. வாயையும் தாடையையும் கூர்ந்து பாருங்கோ. உள்ளே ஏதோ அடைத்து வைத்ததுபோல் சொண்டுகள் உப்பி, இறுகி மூடியிருக்கும். அந்தக் கம்பீரத்துக்குள்ளே இருப்பது நோவு.

மரப்பல் என்ற கட்டுக்கதை

வொஷிங்டனுக்கு மரப்பல் என்று வட அமெரிக்காவில் பிள்ளைகள் கனகாலமாகக் கேட்டு வளர்ந்தார்கள். எங்கட பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து இந்தக் கதையைக் கொண்டு வந்திருக்கிறார்கள். உண்மையில் அவர் மரப்பல் வைத்ததற்கு ஒரு சான்றும் இல்லை. அவருடைய செற் ஒன்றிலும் மரம் கிடையாது. தந்தத்திலே மெல்லிய வெடிப்புகள் விழுந்து, அதற்குள் கறை இறங்கும்போது மரத்தின் ரேகை போலத் தெரியும். அதைப் பார்த்துப் பிறந்த கதையாக இருக்கலாம் என்கிறார்கள்.

மவுண்ட் வேர்னன் இன்று பொதுமக்கள் பார்க்கும் இடம். இங்கிருந்து காரில் ஒரு நாள் ஓட்டம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அவருடைய முழுச் செற்களில் இன்று மிஞ்சியிருக்கும் ஒன்று அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. ஈயத் தட்டு, மனிதப் பற்கள், மாட்டுப் பல், தந்தம், ஸ்பிரிங். பார்க்கும்போதே தாடை நோகும். அந்தப் பண்ணையிலேயே அடிமைகளாக வாழ்ந்து இறந்தவர்களைப் புதைத்த இடமும் இருக்கிறது. அங்கே 1929இல் ஒரு கல்லும், 1983இல் ஒரு நினைவுச்சின்னமும் வைத்தார்கள். 1983 என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம். அதே வருடத்தில், பெயர் இல்லாமல் போனவர்களுக்கு இங்கே ஒரு சின்னம் எழும்பியிருக்கிறது என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மூத்த மகள் மட்டும், அப்பா, அந்த ஒன்பது பல்லுக்காரரும் இதற்குள்ளே இருப்பினமோ என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

மரப்பல் கதை சிரிப்புக்குரிய கதை, ஒருவருக்கும் நோவில்லாத கதை. உண்மைக் கதையில் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். சின்னக் கதையாக இருந்தாலும் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான். எங்கட கதையையும் நாளைக்கு யாரோ இலேசாக்கிச் சொல்லக்கூடும்.

கடைசி நாட்கள்

1797இல் பதவியை விட்டு வீடு திரும்பினார். பல்லுத் தொல்லை மட்டும் விடவில்லை. செற்றைப் பெட்டியில் வைத்து கிரீன்வூட்டுக்கு அனுப்பித் திருத்தச் சொல்வதும், சொண்டு வெளியே தள்ளுகிறது, அதைக் குறைக்கப் பாரும் என்று எழுதுவதுமாகக் காலம் போனது. 1798 முடிவில், வந்த செற் கறுத்துப் போயிருப்பதைக் கண்ட கிரீன்வூட், போர்ட் வைனில் ஊறவிட்டதாலோ அதைக் குடித்ததாலோதான் இப்படியாகிறது என்று காரணம் விளங்கப்படுத்திப் பதில் போட்டார்.

1799 டிசம்பர் 14ஆம் திகதி தொண்டை அழற்சியால் மூச்சு முட்டி வொஷிங்டன் காலமானார். வயது 67. இரத்தம் எடுத்தால் நோய் இறங்கும் என்று நம்பிய வைத்தியர்கள், கடைசி நாளில் அவருடைய உடம்பிலிருந்து இரண்டு லீற்றருக்கு மேல் இரத்தம் எடுத்திருந்தார்கள்.

அந்த வருடம் மவுண்ட் வேர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் வொஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள். மனைவியின் காலத்துக்குப் பின் இவர்களை விடுதலை செய்ய வேண்டும், வயோதிபர்களைப் பராமரிக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். போர்க்காலம் முழுவதும் கூட இருந்த வில்லியம் லீ என்பவருக்கு உடனடி விடுதலையும் வருடாந்தக் கொடுப்பனவும். மார்த்தா தன் காலம் வரை காத்திராமல் 1801 ஜனவரி 1ஆம் திகதி வொஷிங்டனுக்குச் சொந்தமான மற்றவர்களையும் விடுவித்தார். மார்த்தாவின் முதற் கணவர் குடும்பத்தின் ஆதனமாக இருந்தவர்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. பதினொரு வயதில் பத்துப் பேரை முதுசமாகப் பெற்றவர், கடைசியில் எழுதிய கணக்கு இது. அதை நன்மையென்று எழுதுவோம், பிந்தி வந்த நன்மையென்றும் சேர்த்து எழுதுவோம்.

அவருக்குப் பிறகு

அவர் இறந்தபின்னும் மனிதப் பல் வியாபாரம் ஓயவில்லை. 1815 வோட்டர்லூப் போரில் செத்து விழுந்த இளம் வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். அதனாலே அப்படிப்பட்ட பற்களுக்கு வோட்டர்லூப் பல் என்றே பேர் வந்தது. பிரான்சில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலே பீங்கான் பற்கள் செய்யப்பட்டன. அவை திருந்தித் திருந்தி மனிதப் பல்லின் தேவையை இல்லாமல் செய்தன. 1850களில் கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பரால் அடித்தட்டுச் செய்தபோது, சாதாரண சனமும் செற் வாங்கக்கூடியதாக வந்தது. 1930களில் இன்றைய அக்கிறிலிக் வந்தது. சுவீடனில் பிரனெமார்க் என்ற பேராசிரியர், தைத்தானியம் என்ற உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1950களில் கண்டு, 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அந்த உலோக வேரைப் பதித்து அதன்மேல் பல் வைத்தார். இம்பிளாண்ட் என்று இன்று சொல்வது அதைத்தான்.

ஆகவே இன்று எந்தக் கட்டத்தில் போனாலும் ஒரு வழி இருக்கு. சூத்தை சிறிதென்றால் அடைக்கலாம். நரம்பு வரை போயிருந்தால் வேரைச் சுத்தம் செய்து மேலே தொப்பி போடலாம். ஒன்றிரண்டு இல்லையென்றால் இரு பக்கத்துப் பற்களிலும் பிடித்துப் பாலம் கட்டலாம், அல்லது உலோக வேர் பதிக்கலாம். கனக்கப் போயிருந்தால் கழற்றிப் போடும் செற். எல்லாம் விறைக்கிற ஊசியோடு. வொஷிங்டனுக்கு அவருடைய முழுச் செல்வாக்காலும் வாங்க முடியாதது இது.

மொழிபெயர்ப்புக்குப் போய் வந்த அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன். பல்லு விழுந்த இடத்தை வருடக்கணக்கில் வெறுமையாக விட்டால் தாடை எலும்பு தேய்ந்துவிடும், பக்கத்துப் பற்களும் சரியும். பிறகு செற் செய்தாலும் இருக்காது. முதல் செற் முதல் மாதத்தில் உரசும். வலிக்குதென்று அலுமாரிக்குள் போடாமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கோ, அரைத்துச் சரி செய்வினம். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கோ. செற் போட்டவர்களுக்கும் முரசைப் பார்க்கப் பல் வைத்தியர் தேவை. சலரோகம் உள்ளவர்கள் முரசில் இரத்தம் கண்டால் அசட்டை செய்ய வேண்டாம். தடுப்புக்காவலில் அடியால் பல் உடைந்தவர்கள், எப்படி உடைந்தது என்று வைத்தியர் கேட்கும்போது விழுந்துவிட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. சொல்ல மனம் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கோ, மனம் இல்லாவிட்டால் பேசாமல் இருங்கோ. இரண்டும் உங்கள் உரிமை.

செலவும் பெரிய விஷயம்தான். கனடாவில் பல் வைத்தியம் பொது மருத்துவக் காப்புறுதிக்குள் அடங்காமல் நெடுங்காலம் வெளியே நின்றது. 2023 டிசம்பரில் முதலில் முதியோரில் தொடங்கிய மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம், பல்லுக் காப்புறுதி இல்லாத, வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக வந்தது. படிவம் நிரப்பத் தெரியாது என்பதற்காக ஒருவரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டாம். சங்கத்துக்கு வாங்கோ, நிரப்பித் தருகிறோம். கூட வந்து கதைக்கவும் ஆள் இருக்கிறோம்.

நாடாண்ட ஒருவர் தன் வாயை மறைத்து வாழ்ந்தார், பெயர் தெரியாத சிலர் தங்கள் வாயிலிருந்தே பல்லைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்து நோவும் எங்களுக்கு விளங்கும். எவருடைய பல்லையும் பறிக்காமல், எவருக்கும் பயப்படாமல், ஒரு கிழவி மனம்விட்டுச் சிரிக்கக்கூடிய காலத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தாமல் விடுவது நியாயமில்லை.

இந்தச் சித்திரையில் மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் வாங்கி, பேரப்பிள்ளைகளோடு இருந்து முறுக்கைக் கடகடவென்று கடித்துச் சாப்பிடும் பாக்கியம் எல்லா ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த வருட மலரின் படங்களிலாவது எல்லாரும் வாய் திறந்து சிரிக்க வேண்டும் என்று கேட்டு, யாவருக்கும் இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துக்கள் கூறி விடைபெறுகிறேன்.